டாலி போதும் என்று யார் சொன்னது? எங்கள் கல்லூரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர், செயலர், வணிகவியல் துறைத் தலைவர் அவர்களுக்கு,

துறை அறிவிப்புப் பலகையில் போன வாரம் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையை என் அக்கா மகள் படமெடுத்து அனுப்பினாள். அவள் இப்போது உங்களிடம் இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கிறாள். படத்துக்குக் கீழே ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: "சித்தி, ஆறாயிரத்து ஐந்நூறு கட்டணுமாம். அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

சுற்றறிக்கையில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. பழைய மாணவர்கள் சேர்ந்து ஆறு ஆண்டுகளாக நடத்தி வந்த தொழில் வழிகாட்டி வாரம் இந்த ஆண்டு முதல் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அனைவரும் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் தனியார் கணினி மையத்தில் ரூ. 6,500 கட்டி, டாலி என்கிற கணக்கு மென்பொருளில் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். வணிகவியல் மாணவர்களுக்கு வளாக வேலைவாய்ப்பு குறைவு, அதனால் "நடைமுறைக்கு உகந்த ஒரே திறனில்" கவனம் செலுத்துகிறோம் என்று காரணமும் போட்டிருக்கிறீர்கள்.

பழைய மாணவர்கள் நாங்கள் நான்கு பேர் நேரில் வந்து கேட்டோம். துறைத் தலைவர் ஐயா உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னது இதுதான்: "பி.காம். பசங்களுக்கு டாலி போதும்மா. கம்பெனிக்காரன் வேற எதுக்கு நம்மகிட்ட வரப்போறான்?"

அந்தப் 'போதும்' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். அதை இறக்கி வைக்கத்தான் இந்த மடல்.

ஐயா, டாலியை நான் குறை சொல்லவில்லை. என் சோறு அதில்தான் வேகிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடியில் எனக்குச் சின்ன அலுவலகம். மாதம் 11-ஆம் தேதி விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதி வரி கட்டும் படிவமான 3பி என்று வருஷம் முழுக்க டாலியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். அதனால்தான் சொல்கிறேன், டாலி ஒரு தராசு. தராசைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, வியாபாரம் கற்றுக்கொடுத்தாகிவிட்டது என்று கல்லூரி கையை உதறக் கூடாது.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். பழம் பறிப்பவர்களின் எடையும் கூலியும் எழுதுகிற செக்ரோல்தான் நான் பார்த்த முதல் கணக்குப் புத்தகம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தினம் இருமுறை பஸ்ஸில் கடந்து உங்கள் கல்லூரிக்கு வந்து 2014-இல் பி.காம். முடித்தேன். மூன்று வருஷமும் ஒரு அரியர் கிடையாது. மொத்த மதிப்பெண் 53.8 சதவீதம். மார்க் ஷீட்டைப் பார்த்து அப்பா ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

அந்த ஜூன் மாதமே ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மாதம் ஐயாயிரத்துக்கு உதவியாளராகச் சேர்ந்தேன். மூன்றாவது வாரம், ரசீதுகளுக்கு வவுச்சர் நம்பர் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆடிட்டர் ஐயா என்னிடம் எத்தனை சதவீதம் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வணிகவியல் பட்டதாரி 55 எடுத்திருந்தால், ஆடிட்டர் ஆகிற சி.ஏ. படிப்புக்கு நுழைவுத் தேர்வே எழுத வேண்டாம். நேரா அடுத்த கட்டமான இன்டருக்குப் பதியலாம். குறைச்சல் ஒண்ணேகால் சதவீதம்கூட இல்லையேம்மா, இதை ஒருத்தரும் உனக்குச் சொல்லலையா?"

சொல்லவில்லை ஐயா. மூன்று ஆண்டுகளில், ஆறு செமஸ்டர்களில், கணக்கியல் என்று பெயர் வைத்த அத்தனை வகுப்புகளில் ஒருவர்கூட அந்த 55 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதவில்லை. தெரிந்திருந்தால் இரண்டாம் ஆண்டில் வணிகச் சட்டத்தில் வெறும் பாஸ் மார்க்கோடு திருப்திப்பட்டிருக்க மாட்டேன். ஒரு தாளுக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் கூடியிருந்தால் போதும்.

அதன்பின் சி.பி.டி. எழுதினேன். அன்றைக்கு நுழைவுத் தேர்வுக்கு அதுதான் பெயர். ஃபவுண்டேஷன் என்று மாறியது பிறகு. இன்டரில் ஒரு குரூப் (தாள்களின் ஒரு பகுதி) தேறினேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் மலைக்குத் திரும்பினேன், அதோடு நின்றுபோனது. அதற்கு உங்களைக் குற்றம் சொல்லவில்லை, வாழ்க்கை அப்படித்தான். ஆனால் என்னை இன்னும் குடைவது வேறொன்று. கல்லூரி முடித்து நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த, உற்பத்திச் செலவுக் கணக்குப் பார்க்கும் காஸ்ட் அக்கவுண்டன்ட் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: ஐ.சி.டபிள்யூ.ஏ. என்று நாம் பழைய பெயரில் சொல்கிற சி.எம்.ஏ. படிப்புக்குப் பட்டதாரி நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம், 55 என்ற கோடே அங்கே கிடையாது. என் 53.8-க்கு அந்தக் கதவு அன்றைக்கே திறந்து கிடந்தது. கதவு இருப்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்கு ரசம் வாங்கக்கூடத் தோன்றவில்லை.

இந்த மாதிரி அநியாயத்துக்கு ஒரு பெயர்கூட இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்காகத்தான் வழிகாட்டி வாரத்தை ஆரம்பித்தோம். அதைத்தான் இப்போது நிறுத்துகிறீர்கள்.

வழிகாட்டி வாரத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் வந்த பேச்சாளர் இரண்டு மணி நேரமும் தன் சொந்த சாதனைகளையே அடுக்கினார். பிள்ளைகள் பின்வரிசையில் தூங்கினார்கள், நானும் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். ஆனால் போன ஆண்டு, ஓய்வுபெற்ற ஒரு ஜி.எஸ்.டி. அதிகாரி பேசி முடித்ததும் வாழப்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "கணக்குப் படிச்சா ஒண்ணு ஆடிட்டர், இல்லன்னா டாலி, நடுவுல ஒண்ணுமே இல்லையா சார்?" அந்த நடுவில் இருப்பதைச் சொல்லவே அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் சொல்கிறேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 2, 2ஏ தேர்வுகளின் பதவிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் உதவி ஆய்வாளர், அறநிலையத் துறையில் கோயில் கணக்குகளைப் பார்க்கும் தணிக்கை ஆய்வாளர், கூட்டுறவுச் சங்கங்களின் முதுநிலை ஆய்வாளர், கருவூலத்தில் கணக்கர். எல்லாமே கணக்குப் பிள்ளைகளின் வேலை. கூட்டுறவு வேலைகளில் பலவற்றுக்குக் கூட்டுறவுப் பயிற்சி கேட்பார்கள். அது தெரிந்தால் பட்டம் முடிந்த கையோடு அந்தப் பட்டயத்தையும் முடித்து வைக்கலாம். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரிகள் தேர்வு இருக்கிறது. அதில் ஆடிட்டர், அக்கவுண்டன்ட், வருமான வரித்துறை ஆய்வாளர், வரி உதவியாளர் என்று வரிசையாக உண்டு. நம் கல்லூரிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தத் தேர்வின் பெயர் தெரியும் என்று ஒரு வகுப்பில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். நான் போன ஆண்டு சொன்னேன். மூன்று கைகள்.

கோரிமேட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. அங்கே தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறார்கள். ஏற்காடு பஸ் அதன் வழியாகத்தான் போகிறது. மூன்று வருஷம் ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல்.

நான் இன்றைக்குச் செய்கிற வேலைக்கே வருகிறேன். வணிகவியல் பட்டம் உள்ளவர் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பி.சி.டி.-01 படிவம் போட்டு, பிறருக்காக ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதியலாம். பதிந்தபின் குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். அவ்வளவுதான், சொந்தமாகத் தொழில் செய்யலாம். லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் எத்தனை கடை, சங்ககிரியில் எத்தனை லாரி, ஆத்தூர் வரைக்கும் ஜவ்வரிசி செய்யும் எத்தனை சேகோ ஆலை! கணக்கு பார்க்க நம்பகமான ஆள் கிடைக்காமல் அவர்கள் அலைவதை நான் தினம் பார்க்கிறேன். வேலை இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள், ஆள் இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். இருவருக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை.

அப்படியானால் டாலி தெரிந்தவர்களை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். எடுத்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரியிலிருந்தே ஒரு பெண் என்னிடம் சேர்ந்தாள். கையில் டாலி சான்றிதழ், அதில் 'ஏ' கிரேடு. கீபோர்டில் விரல் பறக்கும். நாற்பது பர்ச்சேஸ் பில்லை ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடுவாள். ஒரு நாள் பேங்க் ஸ்டேட்மென்டோடு கணக்கு ஒத்துப் போகவில்லை, வித்தியாசம் ரூ. 2,700. இரண்டு நாள் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே ஒவ்வொரு வரியாகத் தேடினாள். மூன்றாம் நாள் காலையில் கண்ணெல்லாம் சிவந்து வந்து, "அக்கா, 2,700-க்கு ஒரு என்ட்ரியே இல்லைக்கா" என்றாள்.

"ஒன்பதால் வகுத்துப் பாரும்மா."

"முந்நூறு. மிச்சமில்லாமல் போகுது."

"அப்படின்னா எங்கேயோ ரெண்டு எண்ணை இடம் மாத்திப் போட்டிருக்கே. அந்த மாதிரி தேடு."

அரை மணியில் கிடைத்தது. 5,800 ரூபாய் காசோலையை 8,500 என்று ஏற்றியிருந்தாள். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது என் கல்லூரியும் இல்லை, எந்த மையமும் இல்லை. கூலி நாளன்று செக்ரோலின் கூட்டல் உதைத்தபோது அப்பா சொல்லிக் கொடுத்தது. அவர் எட்டாம் வகுப்பு.

அந்தப் பெண் கெட்டிக்காரி ஐயா, குறை அவளிடம் இல்லை. எந்தப் பட்டனை அழுத்துவது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், எண் தப்பினால் எங்கே போய் ஒளியும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், அது என் கீழ்மாடிக் கதை. பட்டறை முதலாளி பத்துக் கிலோ வெள்ளியைக் கூலி வேலைக்கு வெளியே கொடுக்கிறார். உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, பாலிஷ் போட்டுத் திரும்பி வரும்போது எடை குறைகிறது. இதில் எவ்வளவு வேலையோடு போகிற சேதாரம், எவ்வளவு போகக் கூடாத சேதாரம்? காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் பிராசஸ் காஸ்டிங் என்று நீங்கள் நடத்துகிற பாடம் இதுதான், நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ். புத்தகத்தில் 'எக்ஸ் லிமிடெட்' என்று ஒரு கம்பெனி, அது என்ன செய்கிறதென்றே தெரியாத ஒரு பொருள். அந்தக் கணக்கு நடுத்தெருவில் சத்தம் போட்டுக்கொண்டு நடக்கிறது, பஸ் ஏறினால் பத்து நிமிஷம். கூலி வேலைக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் ஜி.எஸ்.டி. சட்டப்படி அது கொடுத்த அன்றே விற்றதாகிவிடும். அந்தத் தேதியைக் கண்காணிக்கும் ஆளுக்கு முதலாளி எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். இதே பாடத்தைப் பெரிய அளவில் செய்பவர்தான் காஸ்ட் அக்கவுண்டன்ட். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வியாபாரம் செய்யும் உருக்கு, சிமென்ட், சர்க்கரை, ஜவுளி நிறுவனங்கள் செலவுக் கணக்கு எழுதித் தணிக்கை செய்தாக வேண்டும் என்று கம்பெனிச் சட்டமே சொல்கிறது. நம்மைச் சுற்றி இந்த நான்கும் இருக்கின்றன.

நீங்கள் கட்டாயமாக்கும் 'ஒரே திறன்' எவ்வளவு நாள் தாங்கும் என்பதையும் யோசியுங்கள். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. அதற்கு முந்தைய இரவு லீ பஜாரில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் கடையில் நானும் அவர் மகனும் பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தோம். நெய் 12-லிருந்து 5-க்கு வருகிறது, சரி. ஏற்கனவே 12 சதவீதத்தில் விற்ற நெய் அடுத்த வாரம் திரும்பி வந்தால் திரும்பிய சரக்கின் தொகையைக் கழித்துக் கொடுக்கும் கிரெடிட் நோட்டை எந்த விகிதத்தில் போடுவது? சாப்ட்வேர் அப்டேட் வந்துவிட்டது, ஆனால் இந்தக் கேள்வி அப்டேட்டில் வராது. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம். நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்த பிரிவு எண்களெல்லாம் போயின. சட்டம் மாறினாலும் கலங்காமல் படித்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளையை உருவாக்குவதுதான் கல்லூரியின் வேலை. திரை எப்படி இருக்கும் என்று காட்டுவது மையத்தின் வேலை.

அந்தத் திரைக்கும் ரூ. 6,500 ஏன்? டாலியில் எஜுகேஷனல் மோட் என்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமலே திறக்கலாம். மாதத்தில் ஒரு சில தேதிகளில் மட்டும்தான் பதிவு போட விடும். பழகுவதற்கு அது தாராளம். கல்லூரி லேப்பில் முப்பது கணினிகள் உறை போட்டு நிற்கின்றன. இதற்குமேல், நான் முதல்வன் திட்டத்தில் அரசே கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சிகள் தருகிறது. அக்கா வீட்டில் ரூ. 6,500 என்பது பட்டு நெய்கிற மாமாவின் எத்தனை நாள் கூலி என்று நான் கணக்குப் போட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது.

அந்த மையத்துக்கும் கல்லூரிக்கும் என்ன ஏற்பாடு என்று கேட்டபோது நீங்கள் பதில் சொல்லவில்லை. நானும் எதையும் ஊகித்து எழுதப் போவதில்லை. ஆனால் கணக்கு கற்றுக்கொடுக்கும் துறை, தன் மாணவர்களிடம் வசூலிக்கும் பணத்துக்குக் கணக்கு சொல்லத் தயங்குவது நன்றாக இல்லை.

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

கட்டாயக் கட்டணத்தைத் திரும்பப் பெறுங்கள். கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். விரும்புகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் சேரட்டும். கல்லூரி லேப்பில் சனிக்கிழமைகளில் டாலி சொல்லிக்கொடுக்க நானும் இன்னும் இருவரும் தயார், எங்களுக்குச் சம்பளம் வேண்டாம்.

வழிகாட்டி வாரத்தை மறுபடி நடத்துங்கள். ஆனால் பழையபடி மூன்றாம் ஆண்டுக் கடைசியில் வேண்டாம், அந்தத் தப்பு எங்களுடையது. முதலாண்டு முதல் செமஸ்டரிலேயே வையுங்கள். 55 என்ற எண் ஒரு பிள்ளையின் காதில் விழ வேண்டிய நேரம் அதுதான்.

துறை வாசலில், சுற்றறிக்கை ஒட்டிய அதே பலகையில், ஒரு தாள் நிரந்தரமாக இருக்கட்டும். சி.ஏ., சி.எம்.ஏ., சி.எஸ். (கம்பெனிச் செயலர் படிப்பு), ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர், தேர்வாணையம், எஸ்.எஸ்.சி., வங்கி, கூட்டுறவு: ஒவ்வொன்றுக்கும் என்ன தகுதி, எத்தனை மதிப்பெண், எந்த ஆண்டில் எதைப் பதிய வேண்டும். சி.ஏ. இன்டருக்குப் பட்டத்தின் கடைசி ஆண்டிலேயே தற்காலிகமாகப் பதியலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். தாளை நாங்கள் தயாரித்துத் தருகிறோம், ஆண்டுதோறும் திருத்தியும் தருகிறோம். சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பை ஒரு ஆசிரியரிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படையுங்கள். எல்லோருக்கும் பொதுவான பொறுப்பு என்றால் அது யாருக்கும் இல்லை.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் பதினைந்து நாள் ஒவ்வொருவரையும் ஒரு பட்டறைக்கோ, சேகோ ஆலைக்கோ, ஆடிட்டர் அலுவலகத்துக்கோ, மலைக்கு மேலே ஒரு எஸ்டேட் அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். இடம் பிடித்துத் தருவது எங்கள் பொறுப்பு. பன்னிரண்டு பேரை எடுத்துக்கொள்ள இப்போதே ஒப்புக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

மையத்தோடு கல்லூரி செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நகலைப் பெற்றோர் பார்க்கும்படி வையுங்கள்.

சுற்றறிக்கைப்படி கட்டணம் கட்டக் கடைசி நாள் இந்த மாதம் 25. அக்கா இன்னும் கட்டவில்லை, நான்தான் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் உங்கள் பதில் எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் துறையின் 2014-ஆம் ஆண்டு மாணவி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்